ஆசனப் பெயரைப் பிரித்துப் படித்துச் செய்வது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

யோகா வகுப்பில் ஆசிரியர் “பரிவ்ருத்த ஜானு சீர்ஷாசனம்” என்றதும் புதியவர்களின் தலை எல்லாம் பக்கத்துப் பாய்க்குத் திரும்பும். பக்கத்துப் பாய்க்காரர் சரியாகச் செய்தால் இவரும் சரி, அவர் சொதப்பினால் இவரும் சொதப்பல். இத்தனைக்கும் என்ன செய்ய வேண்டும் என்பது அந்தப் பெயரிலேயே இருக்கிறது: உடலைத் திருப்பி, முழங்காலிடம் தலையைக் கொண்டு போ.

ஆசனப் பெயர்களைப் பொதுவாக மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். அது வீண் வேலை என்பது என் கருத்து. பெயரைப் பிரிக்கத் தெரிந்தால் போதும். தமிழ் படித்தவர்களுக்கு இதில் ஒரு வசதியும் உண்டு. இந்தச் சொற்களில் பாதி, கோயில் வழியாகவும் பஞ்சாங்கம் வழியாகவும் ஏற்கெனவே நம் வீட்டுக்குள் வந்துவிட்டவைதான்.

தொடங்கும் முன்

சாப்பிட்டு மூன்று, நான்கு மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். காலையில் வெறும் வயிற்றில் செய்வது நல்லது. வழுக்காத விரிப்பு, தளர்வான உடை, பக்கத்தில் ஒரு சுவர், இரண்டு தடித்த புத்தகங்கள், ஒரு பழைய துண்டு இருந்தால் போதும்.

உயர் ரத்த அழுத்தம், கண் அழுத்த நோய், முதுகுத்தட்டு விலகல், அண்மையில் நடந்த அறுவை சிகிச்சை இவற்றில் ஏதாவது இருந்தாலோ, கர்ப்பமாக இருந்தாலோ மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். சிரசாசனம், சர்வாங்காசனம் போன்ற தலைகீழ் ஆசனங்களை வழிகாட்டி படித்தோ வீடியோ பார்த்தோ கற்றுக்கொள்ளக் கூடாது. ஆசிரியர் பக்கத்தில் நிற்க வேண்டும். அதனால் அவை இங்கே இல்லை.

படி 1: ‘ஆசன’த்தைக் கழற்றுங்கள், சந்தியை அவிழுங்கள்

பெயரின் கடைசியில் வரும் ‘ஆசனம்’ என்பதற்கு இருக்கை, இருக்கும் நிலை என்று பொருள். அதை முதலில் கழற்றி வைத்துவிடலாம். மீதி இருப்பதுதான் நமக்கு வேலை.

அடுத்தது சந்தி. பள்ளியில் ‘சூரிய + உதயம் = சூரியோதயம்’, ‘மகா + இந்திரன் = மகேந்திரன்’ என்று படித்தது நினைவிருக்கிறதா? அதே கணக்குதான். நடுவில் ஆகாரமோ ஓகாரமோ ஏகாரமோ நீண்டு ஒலித்தால் அங்கே இரண்டு சொற்கள் ஒட்டியிருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள். பஸ்சிமோத்தான என்பது பஸ்சிம + உத்தான. மத்ஸ்யேந்திர என்பது மத்ஸ்ய + இந்திர. பாதாங்குஷ்ட என்பது பாத + அங்குஷ்ட.

தமிழ் எழுத்தில் படிக்கும்போது ஓர் இடத்தில் தடுமாறுவோம். ‘அர்த்த’ என்று வந்தால் பொருள் என்ற அர்த்தம் அல்ல, பாதி. அர்த்தநாரீஸ்வரரையும் அர்த்தசாம பூஜையையும் நினைத்துக்கொண்டால் குழப்பம் வராது. அதேபோல ‘பத்த’ என்று வந்தால் கட்டப்பட்ட, பிணைக்கப்பட்ட என்று பொருள். பந்தம் என்ற சொல்லின் உறவு அது.

படி 2: சொற்களை நான்கு கூடையாகப் பிரியுங்கள்

பிரித்த சொல் ஒவ்வொன்றும் ஏறக்குறைய இந்த நான்கில் ஒன்றாகத்தான் இருக்கும்: உறுப்பு, எண்ணிக்கை, திசை அல்லது செயல், உருவம்.

உறுப்புகளில் பாதம், சிரசு (சீர்ஷ என்றும் வரும்), அங்கம், முகம் எல்லாம் தெரிந்தவை. ஹஸ்தம் என்றால் கை. அபயஹஸ்தம் காட்டும் சாமியைத் தினமும் கும்பிடுகிறோம். ஜானு என்றால் முழங்கால். நெடிய கைகள் உள்ளவரை ‘ஆஜானுபாகு’ என்கிறோமே, முழங்கால் தொடும் கைகள் கொண்டவர் என்பதுதான் அது. அங்குஷ்டம் என்றால் கட்டைவிரல். இதை மட்டும் நெட்டுருப் போட வேண்டியிருக்கும்.

எண்ணிக்கைக்குத் திதிகளை எடுத்துக்கொள்ளுங்கள். துவிதியை, திரிதியை, சதுர்த்தி, அஷ்டமி, ஏகாதசி. ஏக, த்வி, த்ரி, சதுர், அஷ்ட எல்லாம் அதற்குள் வந்துவிட்டன. ஏகபாத என்றால் ஒற்றைக்கால். சதுரங்க தண்டாசனம் என்றால் கை இரண்டு, கால் இரண்டு ஆக நான்கு உறுப்புகள் மட்டும் தரையைத் தொட, உடல் தடிபோல (தண்டம்) நிற்பது. அதை ‘புஷ்-அப்’ என்று நினைத்து வேகமாக ஏறி இறங்குபவர்கள் உண்டு. பெயர் சொல்வது தடியைத்தான். தடி வளையாது.

திசையும் செயலும்தான் மிக முக்கியமான கூடை, கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ஊர்த்வ என்றால் மேல்நோக்கி. திருவாலங்காட்டில் நடராசர் காலை உச்சிக்குத் தூக்கி ஆடுவது ஊர்த்துவ தாண்டவம். அதோ என்றால் கீழ்நோக்கி. சிவனின் ஐந்து முகங்களோடு ஆறாவதாக அதோமுகமும் சேர, ஆறிலிருந்தும் பொறி பறந்து முருகன் பிறந்தான் என்று கந்தபுராணக் கதை கேட்டிருப்பீர்கள். ஆக, அதோமுகம் என்று வந்தால் முகம் தரைப் பக்கம், ஊர்த்வமுகம் என்று வந்தால் வானத்துப் பக்கம்.

பஸ்சிம என்றால் மேற்கு, பூர்வ என்றால் கிழக்கு. ஆசனத்தில் இவற்றுக்கு என்ன வேலை? கிழக்கே பார்த்து உட்காருவது வழக்கம் என்பதால் உடலின் முன்பக்கம் கிழக்கு, முதுகுப் பக்கம் மேற்கு. பஸ்சிமோத்தானாசனம் என்றால் பின்பக்கம் முழுவதும், குதிகாலிலிருந்து தலை வரை, நீட்சி பெறுவது. பூர்வோத்தானாசனத்தில் அதற்கு நேர்மாறாக முன்பக்கம் நீளும்.

உத்தான என்றால் நன்றாக நீட்டிய. உத்தித என்றால் உயர்த்திய, விரித்த. சுப்த என்றால் படுத்த. ஆழ்ந்த உறக்கத்துக்குச் சொல்லும் சுஷுப்தியின் உறவு. பரிவ்ருத்த என்றால் திரும்பிய, முறுக்கிய. ஜோதிடத்தில் வரும் பரிவர்த்தனையும் இதே வேரில் பிறந்ததுதான். விபரீத என்றால் தலைகீழான; தமிழில் போல ஆபத்து என்ற பொருள் இங்கே இல்லை. உபவிஷ்ட (உட்கார்ந்த), பிரசாரித (அகல விரித்த), பார்ஸ்வ (பக்கவாட்டு) மூன்றையும் தனியாக மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

உருவக் கூடை எளிது. விருட்சம் (தல விருட்சம்), தனுசு (ராசியில் வரும் வில்), மகரம் (முதலை), கூர்மம் (ஆமை), மயூரம் (மயில்), புஜங்கம் (பாம்பு), ஸ்வானம் (நாய்), சேது (பாலம்). சேதுபதிகள் ஆண்ட ராமநாதபுரத்துக்காரர்களுக்குக் கடைசிச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. சலபம் (வெட்டுக்கிளி), உஷ்ட்ரம் (ஒட்டகம்) இரண்டும் நமக்குப் பழக்கமில்லாதவை.

படி 3: பெயரைச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள்

இப்போது பாயை விரிக்கலாம். ஒவ்வோர் ஆசனத்துக்கும் முன் பெயரை வாய்விட்டுச் சொல்லி, மனத்தில் பிரித்து, அப்புறம் உடலை அசையுங்கள். வேறு குறிப்பு இல்லாத இடங்களில் ஐந்து மூச்சு நில்லுங்கள். மூச்சு மூக்கு வழியாகவே போகட்டும். திணற ஆரம்பித்தால் அளவு மீறிவிட்டீர்கள் என்று பொருள், பாதி வழி திரும்பி வாருங்கள்.

தாடாசனம். தாட என்பதை மலை என்று கொள்வார்கள். பாதங்களைச் சேர்த்தோ சற்றே விலக்கியோ வைத்து, எடையைக் குதிகாலுக்கும் விரலடிக்கும் சமமாகப் பகிர்ந்து நில்லுங்கள். முழங்காலைப் பின்னால் தள்ளிப் பூட்டாமல், தொடைத் தசையை மட்டும் மேலே இழுங்கள். தோள்கள் காதைவிட்டுக் கீழே இறங்கட்டும். சும்மா நிற்பதுபோலத் தெரியும். ஆனால் நின்று செய்யும் எல்லா ஆசனங்களும் இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

ஊர்த்வ ஹஸ்தாசனம், உத்தானாசனம். மூச்சை இழுத்துக்கொண்டே கைகளை மேலே கொண்டு போங்கள். ஊர்த்வ, ஹஸ்த, அவ்வளவுதான். மூச்சை விட்டுக்கொண்டே இடுப்பிலிருந்து முன்னால் குனியுங்கள், அது உத்தானாசனம். இந்தப் பெயரில் ‘கையால் தரையைத் தொடு’ என்று எங்கும் இல்லை, நீட்டு என்றுதான் இருக்கிறது. எனவே கை தரைக்கு எட்டாவிட்டால் புத்தகங்களை அடுக்கி அதன்மேல் வையுங்கள். முதுகைக் கூன் போட்டு விரலைத் தரையில் முட்டுவதைவிட, முழங்காலைச் சற்று மடித்து முதுகை நீட்டுவது பெயருக்கு நியாயம் செய்யும்.

அதோமுக ஸ்வானாசனம். கீழ்நோக்கிய முகம், நாய். தூங்கி எழுந்த நாய் முன்னங்கால்களை நீட்டிப் பின்பக்கத்தைத் தூக்கிச் சோம்பல் முறிக்கும் நிலை. கை, முழங்கால் நான்கும் தரையில் இருக்கத் தொடங்குங்கள். உள்ளங்கைகள் தோள் அகலத்தில், விரல்கள் விரிந்து. கால்விரல்களை மடித்து ஊன்றி, மூச்சை விட்டுக்கொண்டே இடுப்பை மேலும் பின்னுமாகத் தூக்குங்கள். தலை கைகளுக்கு நடுவே தளர்ந்து தொங்கட்டும். குதிகால் தரையைத் தொட வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். தொடையின் பின்பக்கம் இறுகிப் போனவர்கள், அதாவது நாள் முழுக்க நாற்காலியில் இருக்கும் நம்மில் பெரும்பாலோர், முழங்காலை மடித்துக்கொண்டே செய்யலாம். மணிக்கட்டு வலித்தால் எடை கையின் அடிப்பகுதியில் மட்டும் விழுகிறது என்று அர்த்தம்; விரல்களால் தரையை அழுத்துங்கள்.

உத்தித திரிகோணாசனம். விரித்த முக்கோணம். கால்களை மூன்று முதல் மூன்றரை அடி அகலம் வைத்து, வலது பாதத்தை முழுதாக வெளியே திருப்புங்கள், இடது பாதத்தைச் சற்றே உள்ளே. கைகளைத் தோள் உயரத்தில் நீட்டி, உடலை முதலில் வலப்பக்கம் நன்றாக நீட்டிவிட்டு, பிறகு வலக்கையைக் கெண்டைக்காலில் வையுங்கள். இடக்கை நேராக மேலே. தரையோடு கால்கள் சேர்ந்து ஒரு முக்கோணம், உடல், கை, முன்கால் மூன்றும் சேர்ந்து இன்னொன்று. இடுப்பு முன்பக்கம் சரிந்தால் கோணம் குலைந்துவிடும். சுவரில் முதுகைச் சாய்த்துச் செய்து பாருங்கள், எங்கே சரிகிறோம் என்பது உடனே தெரியும். இதையே எதிர்க்கையை ஊன்றி உடலைத் திருப்பிச் செய்தால் முன்னால் ‘பரிவ்ருத்த’ சேர்ந்துகொள்ளும்.

வீரபத்ராசனம், இரண்டாம் வகை. இங்கே பெயர் உறுப்பையோ திசையையோ சொல்லாமல் ஒரு கதையைச் சொல்கிறது. தட்சன் யாகத்தில் சதி உயிர்விட, சினந்த சிவன் சடையிலிருந்து எழுந்தவர் வீரபத்திரர். அட்டவீரட்டத் தலங்களில் ஒன்றான திருப்பறியலூர் இந்தக் கதைக்கு உரியது. கால்களை நான்கு அடி அகலத்தில் வைத்து, திரிகோணத்தைப் போலவே பாதங்களைத் திருப்பி, வலது முழங்காலை மடியுங்கள். முழங்கால் கணுக்காலுக்கு நேர் மேலே நிற்க வேண்டும், உள்பக்கம் சாயக் கூடாது. கைகள் இருபுறமும் நேராக, பார்வை வலக்கை விரல்நுனியில். முதல் வகையில் கைகள் மேலே போகும், மூன்றாவதில் ஒற்றைக்காலில் நிற்க வேண்டும். மூன்றாவதை அவசரப்பட்டுத் தொட வேண்டாம்.

விருட்சாசனம். ஒரு காலில் நின்று மறுபாதத்தை உள்தொடையிலோ கெண்டைக்காலிலோ பதியுங்கள். முழங்கால் மூட்டின் மேல் மட்டும் வைக்காதீர்கள், மூட்டு பக்கவாட்டு அழுத்தத்தைத் தாங்காது. கண்ணை ஒரு புள்ளியில் நிறுத்திக் கைகளை உயர்த்துங்கள். மாமல்லபுரத்து அருச்சுனன் தபசுச் சிற்பத்தில் ஒற்றைக்காலில் கை உயர்த்தி நிற்கும் தவசியைப் பார்த்திருப்பீர்கள். கீழே அவரைப் பார்த்து ஒரு பூனையும் அதேபோல நிற்கும்! தள்ளாட்டம் வந்தால் சுவரைத் தொட்டுக்கொள்ளலாம், அதில் வெட்கமில்லை.

தண்டாசனம், ஜானு சீர்ஷாசனம், பஸ்சிமோத்தானாசனம். காலை நீட்டி முதுகை நிமிர்த்தி உட்காருவது தண்டாசனம். முதுகு கூன் விழுந்தால் மடித்த துண்டின் மேல் உட்காருங்கள். அங்கிருந்து ஒரு காலை மடித்து அதன் பாதத்தை மறுதொடையின் உள்பக்கம் வைத்து, நீட்டிய கால்மீது குனிந்தால் ஜானு சீர்ஷாசனம். பெயரில் முழங்காலும் தலையும் இருப்பதால் நெற்றியை முழங்காலில் முட்டியே தீருவது என்று சிலர் கழுத்தை வளைப்பார்கள். முதலில் வயிறு தொடையை நோக்கிப் போக வேண்டும், அப்புறம் நெஞ்சு, தலை கடைசி. இருபுறமும் முடித்தபின் இரண்டு கால்களையும் நீட்டிக் குனிந்தால் பஸ்சிமோத்தானாசனம். பத்து மூச்சு இருக்கலாம். கால் எட்டாதவர்கள் பாதத்தைச் சுற்றித் துண்டைப் போட்டுப் பிடித்துக்கொள்ளுங்கள்.

புஜங்காசனம். குப்புறப் படுத்து, உள்ளங்கைகளை நெஞ்சின் இருபுறமும் வைத்து, முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொள்ளுங்கள். முதுகின் பலத்தால் நெஞ்சைத் தூக்குங்கள். பாம்புக்குக் கை கிடையாது என்பதை மறக்க வேண்டாம்: ஒரு நொடி உள்ளங்கைகளைத் தரையைவிட்டு எடுத்துப் பார்த்தால் உண்மையில் எவ்வளவு உயரம் நம்முடையது என்று தெரியும். இடுப்பெலும்பு தரையில்தான் இருக்க வேண்டும். தொடையும் முழங்காலும் தரையைவிட்டு எழும்பி, உள்ளங்கையும் புறங்காலும் மட்டும் ஊன்றியிருந்தால் அதன் பெயர் ஊர்த்வமுக ஸ்வானாசனம். இரண்டையும் பலர் ஒன்றாக்கிவிடுகிறார்கள்.

சேதுபந்தாசனம், சவாசனம். மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடித்து, பாதங்களை இடுப்பு அகலத்தில் ஊன்றி இடுப்பைத் தூக்குங்கள். பாலம் ரெடி. தூக்கியிருக்கும்போது தலையைப் பக்கவாட்டில் திருப்பக் கூடாது. இறங்கிய பிறகு காலைத் தளர்த்தி, உள்ளங்கை மேலே பார்க்கப் படுத்துவிடுங்கள். ஐந்து நிமிடமாவது சவாசனத்தில் இருக்க வேண்டும். நேரமில்லை என்று இதை வெட்டுபவர்கள்தான் அதிகம். வெட்டுவதானால் வேறு ஏதாவது ஓர் ஆசனத்தை வெட்டுங்கள். எழும்போது வலப்பக்கம் ஒருக்களித்து, கையை ஊன்றி எழுங்கள்.

பிரித்தாலும் பிடிபடாத பெயர்கள்

முனிவர், சித்தர் பெயரால் வழங்கும் ஆசனங்களில் நம் நான்கு கூடைகளும் உதவாது. பரத்வாஜாசனம், மரீசியாசனம், வசிஷ்டாசனம் என்று கேட்டால் கை எங்கே, கால் எங்கே என்று ஊகிக்க முடியாது. அர்த்த மத்ஸ்யேந்திராசனம் உட்கார்ந்து உடலை முறுக்குவது. பெயர் சொல்வது நாத மரபு என்ற யோகியர் வழியின் குருவான மத்ஸ்யேந்திரரை. கதை தெரிந்தால் பெயர் மறக்காது, செய்முறையை மட்டும் தனியே கற்க வேண்டும்.

‘எல்லாம் ஐயாயிரம் வருஷத்துப் பெயர்’ என்று யாராவது சொன்னால் அப்படியே நம்ப வேண்டாம். பதஞ்சலியின் யோக சூத்திரம் ஆசனம் நிலையாகவும் சுகமாகவும் இருக்க வேண்டும் என்கிறது. ஓர் ஆசனத்தின் பெயரையும் சொல்வதில்லை. திருமூலர் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் பத்திரம், கோமுகம், பங்கயம், வீரம், சுகாதனம் என்று சிலவற்றைச் சொல்கிறார், பெரும்பாலும் உட்காரும் நிலைகள். 15ஆம் நூற்றாண்டின் ஹடயோகப் பிரதீபிகை 15 ஆசனங்களையும், அதற்குப் பின்வந்த கேரண்ட சம்ஹிதை 32 ஆசனங்களையும் விவரிக்கின்றன. மேலே செய்த திரிகோணாசனமும் வீரபத்ராசனமும் இந்த இரண்டிலும் கிடையாது. மைசூர் அரண்மனையில் கற்பித்து, பின்னர் சென்னையில் வாழ்ந்த கிருஷ்ணமாச்சார்யாவும் (1888–1989) அவருடைய மாணவர்களான பி.கே.எஸ். ஐயங்கார், பட்டாபி ஜோயிஸ் போன்றோரும்தான் இன்றைய வகுப்புகளில் கேட்கும் பெயர்களை உலகெங்கும் பரப்பினார்கள்.

படி 4: எந்த வழி என்று கேளுங்கள்

ஒரே பெயர் எல்லா இடத்திலும் ஒரே ஆசனத்தைக் குறிக்காது. ஐயங்கார் வழியில் தாடாசனம் என்றால் நேராக நிற்பது. பீகார் யோகப் பள்ளியில் அது பனை. கைகளை உயர்த்திக் குதிகாலைத் தூக்கி நிற்பார்கள். அதோமுக ஸ்வானாசனத்தை அங்கே சூரிய நமஸ்காரத்தில் பர்வதாசனம் என்பார்கள். ஹடயோகப் பிரதீபிகையின் தனுராசனத்தில் கால் கட்டைவிரலைக் காதுவரை இழுக்க வேண்டும். இன்று அதன் பெயர் ஆகர்ண தனுராசனம், தனுராசனம் என்றால் குப்புறப் படுத்து வில்லாக வளைவது. எனவே புது வகுப்பில் சேரும்போது ‘நீங்கள் எந்த மரபு?’ என்று முதல் நாளே கேட்டுவிடுவது நல்லது. எது சரியான பெயர் என்று ஆசிரியரோடு வாதாடுவதில் பயனில்லை.

ஒரு பயிற்சி

அர்த்த பத்த பத்ம பஸ்சிமோத்தானாசனம். பயமுறுத்தும் பெயர்தான், மெதுவாகப் பிரியுங்கள். அர்த்த, பாதி. பத்த, பிணைத்த. பத்ம, தாமரை. பஸ்சிம உத்தான, பின்பக்க நீட்சி. ஆக, ஒரு காலை மட்டும் பத்மாசனத்தில் போல மறுதொடைமேல் வைத்து (பாதி என்பது அதனால்தான்), அதே பக்கத்துக் கையை முதுகைச் சுற்றிக் கொண்டுவந்து அந்தப் பாதத்தின் கட்டைவிரலைப் பிடித்து, நீட்டிய கால்மீது குனிய வேண்டும். படித்ததும் புரிந்துவிட்டது என்பதற்காக இன்றே முயல வேண்டாம். பத்மாசனத்தில் வலியில்லாமல் உட்கார முடியாதவர்களின் முழங்காலை இது பதம் பார்த்துவிடும். அதுவரை ஜானு சீர்ஷாசனத்திலேயே இருங்கள்.